கள்ளப் பட்டம் கட்டி அனுப்பிய முதலாளியை என்ன செய்யலாம்?

கேள்வி:

வணக்கம் ஐயா. எனக்கு வயது 31. நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் ஏழு வருடத்துக்கு மேல் ரிசெப்ஷனில் வேலை செய்தேன். கடைசிச் சம்பளம் மாதம் 60,000 ரூபா. சீசனில் 22 பேர் வேலை செய்வோம், மழைகாலத்தில் பத்துப் பன்னிரண்டு பேர்தான். ஒக்டோபரில் என்னுடைய ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) கணக்கைப் பார்த்தேன். 14 மாதமாக ஒரு சதமும் போடவில்லை. சம்பளத்தில் மட்டும் மாதாமாதம் ஒழுங்காக வெட்டியிருக்கிறார்கள். முதலாளியிடம் கேட்டேன். இரண்டு கிழமைக்குள் "கவுண்டரில் 48,000 ரூபா குறைகிறது, நீதான் எடுத்திருக்கிறாய்" என்று கதை வந்தது. இத்தனைக்கும் ஒவ்வொரு இரவும் கணக்கு முடித்ததும் காசுப் புத்தகத்தைப் படமெடுத்து வட்ஸ்அப் குரூப்பில் போடுவேன். காலையில் வருகிறவர் எண்ணிப் பார்த்துக் கையெழுத்து வைப்பார். நவம்பர் 20ஆம் திகதி முகாமையாளர் போனில் "இனி வரவேண்டாம்" என்றார். கடிதம் எதுவும் தரவில்லை. சம்பளப் பாக்கிக்குப் போனபோது, நானாக விலகுவதாக எழுதித் தந்தால்தான் காசு என்றார்கள். நான் கையெழுத்து வைக்கவில்லை.

இப்போது ஊரெல்லாம் கதை. தங்கச்சிக்குக் கல்யாணம் பேசுகிற நேரம். அம்மா கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டா. ஹோட்டலின் பேஸ்புக் பக்கத்துக்கும் புக்கிங் கணக்குக்கும் பாஸ்வேர்ட் இன்னும் என்னிடம் இருக்கிறது, அவர்கள் மாற்றவில்லை. ஏப்ரல் புக்கிங் எல்லாவற்றையும் ரத்துச் செய்துவிட்டால் ஆளுக்குச் சீசன் போச்சு. மோசமான ரிவியூ எழுத நண்பர்கள் தயார். வரி விஷயத்தில் அவர் செய்கிற சுத்துமாத்தும் எனக்குத் தெரியும். "அதைச் சொல்லி ஐந்து லட்சம் கேள்" என்கிறார் மச்சான். மறக்க முடியாத அடி ஒன்று கொடுக்கவேண்டும். இதில் எது நல்லது? ஒருவேளை சீசனுக்குத் திரும்பக் கூப்பிட்டால் போவதா?

— உப்புவெளி வாசகர்

பதில்:

தம்பி, நீங்கள் எழுதிய மூன்றும் வேண்டாம். இது புத்திமதி இல்லை. உங்கள் கோபம் நியாயமானது, அதை ஆற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. திருகோணமலையில் தொழில் வழக்குகளுக்கு நிற்கிற ஒரு சட்டத்தரணியாகக் கணக்குப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

கணக்கு இதுதான். இன்றைய திகதியில் உங்கள் முதலாளியிடம் உங்களுக்கு எதிராக எதுவுமே இல்லை. கடிதம் இல்லை, விசாரணை நடத்தவில்லை, எந்த நாளில் காசு குறைந்தது என்றுகூடச் சொல்லவில்லை. அவரிடம் இருப்பது ஒரு வாய்க்கதை மட்டும். நீங்கள் இரவோடு இரவாக ஏப்ரல் புக்கிங்கை அழித்தால், அடுத்த நாள் காலையில் அவர் கையில் உண்மையான ஆதாரம் ஒன்று இருக்கும். "நான் சொன்னேன்தானே, இவன் இப்படிப்பட்டவன்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பொலிசுக்குப் போவார். நவம்பரில் அவர் செய்த பிழைக்கு ஜனவரியில் நீங்களே காரணம் தேடிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

பாஸ்வேர்ட் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், அதுதான் அவசரம். வேலை போன அன்றே அந்தக் கணக்குகளுக்குள் போகிற உரிமையும் போய்விட்டது. அவர்கள் மாற்றாமல் விட்டது அவர்களுடைய கவலையீனம், உங்களுக்குக் கிடைத்த அனுமதி இல்லை. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம், அனுமதியில்லாமல் உள்ளே போவதையே குற்றம் என்கிறது. அழித்தால்தான் குற்றம் என்றில்லை. "சும்மா எத்தனை புக்கிங் வந்திருக்கிறது என்று பார்த்தேன்" என்பதும் அதற்குள் வரும். ஐந்து வருடம் வரை சிறை கொடுக்க இடமிருக்கிறது. எங்கிருந்து, எந்த போனில், எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள் என்பது அந்தக் கணக்குகளிலேயே பதிவாகும் என்பது ரிசெப்ஷனில் இருந்த உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஆகவே இன்றைக்கே முகாமையாளருக்கு ஒரு வட்ஸ்அப்போ மின்னஞ்சலோ அனுப்புங்கள். இரண்டு வரி போதும்: "ஹோட்டலின் பேஸ்புக் பக்கம், புக்கிங் கணக்கு ஆகியவற்றின் பாஸ்வேர்ட் நான் வேலையில் இருந்தபோது எனக்குத் தரப்பட்டது. நவம்பர் 20க்குப் பிறகு நான் அவற்றைப் பயன்படுத்தவில்லை, உடனே மாற்றிக்கொள்ளவும்." அது உண்மையாக இருந்தால் மட்டும் அப்படி எழுதுங்கள். இடையில் ஒருதரம் எட்டிப் பார்த்திருந்தால், பயன்படுத்தவில்லை என்ற வரியை விட்டுவிட்டு மாற்றச் சொல்லி மட்டும் எழுதுங்கள். நாளைக்கு அந்தப் பக்கத்துக்கு வேறு யாராவது எதையாவது செய்தாலும் முதலில் உங்கள் பெயர்தான் வரும். அந்த நேரம் இந்தச் செய்தி உங்களைக் காப்பாற்றும். காசு எடுத்தவன் என்று பட்டம் கட்டப்பட்ட ஒருவர் இப்படி ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார் என்பதை நாளைக்கு விசாரிக்கிறவர்களும் கவனிப்பார்கள்.

ரிவியூ கதை அடுத்தது. அந்த ஹோட்டலில் ஒரு இரவும் தங்காத உங்கள் நண்பர்கள் "அறையில் மூட்டைப்பூச்சி" என்று எழுதுவது பொய். பொய்யான அறிக்கைகளை இணையத்தில் பரப்புவதற்கு 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை, ஆனால் அது இருக்கிறது, அதைத் தூக்கிக்கொண்டு பொலிசுக்குப் போகிறவர்களும் இருப்பார்கள். அவதூறை இந்த நாட்டில் 2002இல் குற்றவியல் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள், ஆனால் நட்டஈடு கேட்டு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். காசுள்ளவர் போடுவார். அதோடு, உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை ஹோட்டல் தொழில் என்பது ஒரே ஒழுங்கைக்குள் குடியிருக்கிற மாதிரி. யார் எங்கே வேலை செய்தார், ஏன் விட்டார் என்று அடுத்த ஹோட்டல் முதலாளிக்குப் பகலுக்குள் தெரிந்துவிடும். பழைய இடத்துக்குப் பொய் ரிவியூ போட்டவரை யாரும் கவுண்டரில் இருத்தமாட்டார்கள். அந்த ஹோட்டலை நம்பிப் புறாத்தீவுக்குப் படகு விடுகிறவர், வாசலில் ஓட்டோ போடுகிறவர், உங்களோடு வேலை செய்த ரூம் பையன்கள் எல்லோருக்கும் அந்த ரிவியூ போய்ச் சேரும். அவர்களில் ஒருவர்தான் நாளைக்கு உங்களுக்குச் சாட்சி சொல்ல வரவேண்டியவர்.

மச்சானின் யோசனைதான் மூன்றிலும் மோசம். முதலாளி வரி ஏய்த்தால் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு எழுதலாம், அது ஒரு பிரசையின் உரிமை. ஆனால் "ஐந்து லட்சம் தா, இல்லாவிட்டால் எழுதுவேன்" என்று கேட்ட நிமிடமே அது தண்டனைச் சட்டக்கோவையில் வருகிற, மிரட்டிக் காசு பறிக்கிற குற்றத்துக்குள் வந்துவிடும். நீங்கள் சொல்கிற வரிக் கதை நூற்றுக்கு நூறு உண்மையாக இருந்தாலும் அது குற்றம்தான். நியாயமாக உங்களுக்கு வரவேண்டிய காசு ஐந்து லட்சத்துக்கு மேல் இருக்கும்போது, அதைக் கப்பம் கேட்கிறவர் போல ஏன் கேட்கவேண்டும்? அப்படி ஒரு செய்தியை ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அடுத்த செய்தி அனுப்பமுதல் ஒரு சட்டத்தரணியை நேரில் பாருங்கள்.

சரி, அடி கொடுக்கிற வழிக்கு வருவோம்.

விலகல் கடிதத்தில் கையெழுத்து வைக்காமல் வந்தீர்களே, இந்த முழுக்கதையிலும் நீங்கள் செய்த மிகக் கெட்டிக்கார வேலை அது. அவர்கள் ஏன் அதைக் கேட்டார்கள் என்று விளங்கிக்கொள்ளுங்கள். முதலாளி "நான்தான் நிறுத்தினேன்" என்று ஒப்புக்கொண்டால், அந்த நிறுத்தம் நியாயம் என்று நிரூபிக்கிற பாரம் அவர் தலையில். "நாங்கள் நிறுத்தவில்லை, அவர் தானாக வேலையை விட்டுப் போனார்" என்று அவர் சொல்லிவிட்டால், நிறுத்தினார்கள் என்பதை முதலில் நீங்கள் நிரூபிக்கவேண்டும். போனில் வாயால் சொல்லி அனுப்புவதும் கடிதம் தராமல் இருப்பதும் பெரும்பாலும் இதற்காகத்தான். இன்னும் கொஞ்ச நாளில் "நீங்கள் அறிவிக்காமல் வேலைக்கு வரவில்லை, ஆகவே பதவியைக் கைவிட்டதாகக் கருதுகிறோம்" என்று ஒரு கடிதம் உங்கள் வீட்டுக்கு வந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

அந்தக் கடிதம் வரமுதல் உங்கள் கடிதம் போகவேண்டும். பதிவுத் தபாலில் அனுப்புங்கள். திட்டுவதற்கு அதில் இடமில்லை. இப்படி எழுதலாம்:

"நான் உங்கள் ஹோட்டலில் ஏழு வருடங்களுக்கு மேலாக ரிசெப்ஷனில் கடமையாற்றி வந்தேன். நவம்பர் 20ஆம் திகதி முகாமையாளர் தொலைபேசியில் என்னை இனி வேலைக்கு வரவேண்டாம் என்று அறிவித்தார். அதற்கான காரணம் இதுவரை எழுத்தில் தரப்படவில்லை. என்மேல் சுமத்தப்பட்ட பணக் குறைவை நான் முற்றாக மறுக்கிறேன். நான் பதவி விலகவில்லை, இன்றும் வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். என்னை வேலையிலிருந்து நிறுத்தியதற்கான காரணத்தையும் எனக்குரிய சம்பளப் பாக்கியையும் உடனே அனுப்பவும்."

அவ்வளவுதான். பிரதி ஒன்றை மாவட்டத் தொழில் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். தபால் பற்றுச்சீட்டைக் கடிதத்தின் பிரதியோடு பின் பண்ணி வையுங்கள். நவம்பர் 20ஆம் திகதி வந்த அந்த அழைப்பு உங்கள் போன் பதிவில் இன்னும் இருந்தால் இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்த அழைப்பு முடிந்த கையோடு நீங்கள் யாருக்காவது "என்னை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்" என்று செய்தி அனுப்பியிருந்தால் அதுவும் முக்கியம்.

பிறகு, வேலைப் பிணக்குகளை விசாரிக்கிற தொழில் நியாய சபை. 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் கீழ் உங்களைப் போல நிறுத்தப்பட்ட ஒருவர் நேரடியாக அங்கே விண்ணப்பிக்கலாம். வேலை நின்ற நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போகவேண்டும். உங்களுக்கு அது மே 20 அளவில் முடிகிறது. ஏப்ரலில் புது வேலை ஏதும் கிடைத்துச் சீசன் பரபரப்பில் மறந்துவிடுவீர்கள், ஆகவே இந்த மாதமே செய்யுங்கள். விண்ணப்பத்தைத் தமிழிலேயே கொடுக்கலாம். நீங்களே நின்று பேசலாம், தொழிற்சங்கப் பிரதிநிதியோ சட்டத்தரணியோ உங்களுக்காக நிற்கலாம். கையில் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்தில் கேளுங்கள். வருமானத்தைப் பார்த்துவிட்டு இலவசமாக எடுப்பார்கள்.

அங்கே என்ன நடக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் வழக்கில் எனக்கு நம்பிக்கை தருகிற இடம் அதுதான்.

நிறுத்தியதை அவர் ஒப்புக்கொண்டால் முதலில் சாட்சி சொல்லவேண்டியவர் அவர். 48,000 ரூபா எந்த நாளில் குறைந்தது? எந்த ஷிப்டில்? யார் எண்ணினார்? அன்று கவுண்டர் திறப்பு எத்தனை பேரிடம் இருந்தது? உங்கள் காசுப் புத்தகத்தில் இரவு முடிவுத் தொகையும் அதற்குக் கீழே காலையில் வந்தவரின் கையெழுத்தும் இருக்கின்றன. காலையில் வந்தவர் எண்ணிச் சரி என்று கையெழுத்து வைத்திருந்தால், இரவுப் பொறுப்பில் இருந்த நீங்கள் எப்படி எடுத்திருக்க முடியும் என்பதற்கு அவர்கள் பதில் சொல்லவேண்டும். புத்தகம் அவர்களிடம் இருக்கிறது, அது திடீரென்று "தொலைந்து" போகலாம், அல்லது ஒரு பக்கம் புதிதாக எழுதப்படலாம். ஆனால் ஒவ்வொரு இரவும் நீங்கள் குரூப்பில் போட்ட படம் அன்றைய திகதியோடும் நேரத்தோடும் எத்தனையோ பேரின் போனில் கிடக்கிறது. புத்தகத்தை மாற்றலாம், அத்தனை போனையும் மாற்றமுடியாது.

ஆகவே அந்தப் படங்களைத் தொடாதீர்கள். வெட்டுவது, வெளிச்சம் கூட்டுவது, சிவப்பு வட்டம் போடுவது எதுவும் வேண்டாம். குரூப்பிலிருந்து உங்களை நீக்கியிருந்தாலும் பழைய செய்திகள் உங்கள் போனில் இருக்கும். முழு உரையாடலையும் ஏற்றுமதி செய்து வேறொரு இடத்தில் ஒரு பிரதி வையுங்கள். அந்த போனை விற்கவும் வேண்டாம், ரீசெட் பண்ணவும் வேண்டாம். தொழில் நியாய சபை சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் இறுக்கமான விதிகளுக்குக் கட்டுப்பட்டதில்லை, இப்படியான சாதாரண ஆதாரங்களையும் எடுத்துப் பார்க்கும். நீங்கள் ஈ.பி.எஃப் பற்றிக் கேட்ட நாளையும் களவுக் கதை தொடங்கிய நாளையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவையுங்கள். இரண்டு கிழமை இடைவெளி என்பது அவருக்கு விளக்கம் சொல்லக் கஷ்டமான இடம்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. உண்மையிலேயே களவு போயிருந்தால் ஏன் பொலிசில் முறைப்பாடு செய்யவில்லை? குறுக்கு விசாரணையில் கேட்கவேண்டிய கேள்வி அது. இப்போது வட்ஸ்அப்பில் "முடிந்தால் பொலிசுக்குப் போ" என்று சவால் விடாதீர்கள். கேள்வியை அவருக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுப்பானேன்.

சபை என்ன தரலாம்? விட்ட சம்பளத்தோடு திரும்ப வேலையில் சேர்க்கச் சொல்லலாம், அல்லது அதற்குப் பதிலாக நட்டஈடு கொடுக்கச் சொல்லலாம். நீதியும் ஒப்புரவும் எது என்று சபை நினைக்கிறதோ அதைக் கட்டளையிடும். எதிர்த் தரப்பு மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாம், ஆனால் அதற்கு முதலாளி பிணையாகக் காசு கட்டவேண்டும். அந்த நிபந்தனையே பல பேரைச் சமரசத்துக்குக் கொண்டுவருகிறது.

இன்னொரு பாதையும் இருக்கிறது, ஆட்களை வேலையிலிருந்து நிறுத்துவதைக் கட்டுப்படுத்துகிற 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். முந்திய ஆறு மாதத்தில் சராசரியாக 15 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருந்த முதலாளி, ஒழுக்காற்று நடவடிக்கை அல்லாத வேறு காரணத்துக்காக ஒருவரை நிறுத்துவதென்றால் தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். ஒழுக்காற்றுக்காக நிறுத்தினால் இரண்டாவது வேலைநாள் முடியமுதல் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். உங்களுக்கு அதுவும் தரப்படவில்லை. ஹோட்டலில் இப்போது பத்துப் பேர்தான் என்று அவர் கையை விரிக்கலாம். ஆனால் நீங்கள் நிறுத்தப்பட்டது நவம்பரில். அதற்கு முந்திய ஆறு மாதம் மே முதல் ஒக்டோபர் வரை, பெரும்பகுதி எங்கள் பக்கத்துச் சீசன்தான். வாடைக்காற்றுக் கால எண்ணிக்கையை வைத்து அவர் தப்புவது கஷ்டம். இந்தச் சட்டத்தின் கீழ் நட்டஈட்டுக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம், ஆறாம் வருடத்திலிருந்து பதினான்காம் வருடம் வரை இரண்டு மாதம். உங்கள் ஏழு வருடத்துக்கு பதினாறரை மாதம், அதாவது 990,000 ரூபா. தொழில் நியாய சபை இந்தச் சூத்திரத்தைப் பின்பற்றவேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் உங்கள் இழப்பின் அளவைத் தெரிந்துகொள்ள இது உதவும். சபைக்குப் போவதா ஆணையாளருக்குப் போவதா என்பதை உங்கள் கடிதங்களை நேரில் பார்க்கிற சட்டத்தரணியிடம் விடுங்கள். இரண்டு வாசலிலும் ஒரே நேரத்தில் நின்று குழப்பிக்கொள்ளவேண்டாம்.

முதலாளிக்கு உண்மையில் எரிகிற இடம் ஈ.பி.எஃப்தான். இதற்கு நீங்கள் எந்த வழக்கும் போடத் தேவையில்லை. தொழில் அலுவலகத்தில் ஒரு முறைப்பாடு, அதோடு சம்பளச் சிட்டைகளும் கணக்கின் கூற்றும். உங்கள் சம்பளத்தில் 8 வீதம், அவர் பங்கு 12 வீதம், மொத்தம் மாதம் 12,000 ரூபா. 14 மாதத்துக்கு 168,000. இதில் 67,200 ரூபா உங்கள் சம்பளத்தில் வெட்டியெடுத்து அவர் வைத்துக்கொண்ட காசு. கள்ளப் பட்டம் யாருக்குப் பொருந்தும் என்று இந்த இடத்தில் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது, ஆனால் நீங்கள் அதை பேஸ்புக்கில் எழுதவேண்டாம். தாமதித்த காசுக்கு மேலதிகக் கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி, ஒரு வருடம் தாண்டினால் 50 வீதம் வரை போகும். கட்டாவிட்டால் தொழில் திணைக்களம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போய், தண்டப்பணம் அறவிடுகிற மாதிரி அறவிடும். அதோடு தொழில் உத்தியோகத்தர் ஹோட்டலுக்கு வந்து பதிவேடுகளைக் கேட்கும்போது உங்கள் ஒருவருடைய கணக்கை மட்டும் பார்த்துவிட்டுப் போகமாட்டார். மற்றவர்களுக்கும் இதே நிலைமை இருந்தால் அதுவும் வெளியே வரும். உங்களோடு வேலை செய்தவர்களும் தங்கள் கணக்கைப் பார்க்கட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

ஈ.டி.எஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம், அது முழுக்க முதலாளி பங்கு. அதுவும் 14 மாதம் போடப்படவில்லை என்றால் 25,200 ரூபா.

பணிக்கொடை: ஐந்து வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். உங்களுக்கு 210,000 ரூபா, வேலை நின்று 30 நாளுக்குள் தந்திருக்கவேண்டும். இதற்கான 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தில், முந்திய 12 மாதத்தில் எந்த ஒரு நாளிலாவது 15 பேர் வேலை செய்திருந்தால் போதும். சீசனில் 22 பேர் என்கிறீர்கள், ஆகவே பிரச்சினையில்லை. மோசடி, கையாடல் என்று நிறுத்தப்பட்டவரின் பணிக்கொடையைப் பிடிக்க இடமுண்டு என்று அவர்கள் சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் நட்டம் எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் பிடிக்கலாம். அவர் சொல்கிற கணக்கையே எடுத்தாலும் 48,000 ரூபாவைக் காட்டி 210,000 ரூபாவை விழுங்கமுடியாது.

ஈ.பி.எஃப், ஈ.டி.எஃப், பணிக்கொடை மூன்றும் சேர்த்தால் 403,200 ரூபா. நவம்பர் சம்பளப் பாக்கி, வேலையிலிருந்து நிறுத்தியதற்கான நட்டஈடு எல்லாம் இதற்கு மேல். மச்சானிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

இனி அம்மாவின் விஷயம். நீங்கள் அடி கொடுக்கவேண்டும் என்று எழுதினாலும், உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அவ கோயிலுக்குப் போகாமல் இருக்கிறா என்பதுதான். ஏப்ரல் புக்கிங் அழிந்தால் அம்மாவுக்குத் தலைநிமிரமுடியாது. காசு மட்டும் கிடைத்தாலும் போதாது. பெயர் எழுத்தில் துலக்கமாகவேண்டும். இப்படியான வழக்குகள் பல சபையிலேயே சமரசத்தில் முடியும். அப்படி ஒரு பேச்சு வரும்போது தொகையை மட்டும் பேசி எழும்பிவிடாதீர்கள். "இவர்மீது எந்தப் பணக் குற்றச்சாட்டும் இல்லை" என்ற ஒரு வரியும், சேவைக்காலம், பதவி, நன்னடத்தை எழுதிய சேவைச் சான்றிதழும் சமரச நிபந்தனைக்குள் வரவேண்டும். பத்தாயிரம் இருபதாயிரம் குறைத்துக்கொண்டாலும் அந்த வரியை விடாதீர்கள். தங்கச்சியின் மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் நீட்டுவதற்கு ஒரு தாள் கையில் இருக்கும். அதுவரை கேட்கிறவர்களுக்கு "வழக்குப் போட்டிருக்கிறேன், அவர்தான் நிரூபிக்கவேண்டும்" என்று சொல்லுங்கள். களவெடுத்தவன் வழக்குப் போடமாட்டான் என்று ஊருக்கும் தெரியும்.

அவர் ஊரில் பரப்பிய கதைக்காக அவதூறு நட்டஈட்டு வழக்கும் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். செலவும் இழுவையும் அதிகம், யார் யாரிடம் என்ன சொன்னார் என்று சாட்சி வேண்டும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்போதைக்கு அதைத் தொடமாட்டேன். யார் எந்த நாளில் என்ன சொன்னார்கள் என்று மட்டும் ஒரு கொப்பியில் குறித்து வைப்பேன்.

இது கெதியாக முடிகிற காரியம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தவணை தவணையாகப் போகும், சிலவேளை வருடக்கணக்கில். அதுவரை வேலையில்லாமல் இருந்தால் வழக்குப் பலமாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிடைக்கிற வேலைக்குப் போங்கள். நேர்முகத்தில் பழைய இடத்தைப் பற்றிக் கேட்டால், வேலையிலிருந்து நிறுத்தியது பற்றிய பிணக்கு ஒன்று இருக்கிறது என்று ஒரே வசனத்தில் சொல்லிவிட்டு வேலையைப் பற்றிப் பேசுங்கள்.

கடைசியாகச் சீசனுக்குக் கூப்பிட்டால் என்ற கேள்வி. கூப்பிடுவார் என்றுதான் நினைக்கிறேன். ஏப்ரலில் கூட்டம் வரத் தொடங்க, ஏழு வருட அனுபவமுள்ள ஆளின் அருமை தெரியும். அல்லது தொழில் அலுவலகக் கடிதம் கையில் கிடைத்ததும் "வா தம்பி, பழசை மறப்போம்" என்று போன் வரும். கோபத்தில் "உன் வேலையும் வேண்டாம் நீயும் வேண்டாம்" என்று வைத்துவிடாதீர்கள். வேலை தருகிறேன் என்றேன், அவர்தான் மறுத்தார் என்று பிறகு சொல்லி, நட்டஈட்டைக் குறைக்கப் பார்ப்பார். உடனே ஓம் என்றும் சொல்லவேண்டாம். "எழுத்தில் தாருங்கள் சேர், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். வருகிற கடிதத்தில் பழைய சேவைக்காலம் தொடர்கிறதா, நின்ற மாதங்களின் சம்பளம் இருக்கிறதா, குற்றச்சாட்டு மீளப் பெறப்படுகிறதா, ஈ.பி.எஃப் பாக்கி எப்போது கட்டப்படும் என்று பாருங்கள். "புதிய நியமனம்" என்று இருந்தால் கையெழுத்து வைக்காமல் என்னிடமோ வேறொரு சட்டத்தரணியிடமோ கொண்டுவாருங்கள், ஏழு வருடத்தை ஒரு தாளில் அழிக்கிற வேலை அது. கடிதமே வராவிட்டால், அந்த போன் வந்த திகதியையும் நேரத்தையும் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.